வீட்டுப் படிக்கட்டுக்கு நாமே கம்பளம் விரிப்பது: எந்த முறை எந்தப் படிக்குப் பொருந்தும்?

படிக்கட்டுக்குக் கம்பளம் விரிக்கத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தையும் இழையின் மென்மையையும் பார்க்கிறார்கள். வரவேற்பறைக்கு அந்த வரிசை சரியாக இருக்கலாம். படிக்கட்டுக்கு அது தலைகீழான வரிசை. சமதரையில் விரித்த கம்பளம் சற்று நகர்ந்தால் ஒரு சுருக்கம் விழும். படியில் ஒரு விரற்கடை நகர்ந்தாலே இறங்குகிறவரின் கால் இடறிவிடும். ஆகவே படி எந்தப் பொருளால் ஆனது, நேராக ஏறுகிறதா வளைந்து ஏறுகிறதா, கம்பளத்தை எது பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அந்த வரிசையிலேயே இங்கே ஒவ்வொரு வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கால் வைக்கும் கிடைப்பரப்பை டிரெட் என்றும், இரண்டு டிரெட்டுகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் முகப்பை ரைசர் என்றும், ரைசரைத் தாண்டிச் சற்று முன்னே நீண்டிருக்கும் டிரெட்டின் விளிம்பை நோசிங் என்றும் கட்டட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். இந்த மூன்றில் நோசிங்கைத்தான் எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி அந்த விளிம்பில்தான் அழுந்துகிறது. கம்பளம் முதலில் தேய்வதும் அங்கேதான், கால் வழுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு முறை நல்லதா இல்லையா என்பதை, அது நோசிங்கை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே நான் முடிவு செய்கிறேன்.

படியை மூடுவதில் மூன்று வழிகள் உண்டு. அகலம் முழுவதையும் மூடுவது, நடுவில் மட்டும் ரன்னர் எனப்படும் நீள்பட்டையை மேலிருந்து கீழ்வரை ஓடவிடுவது, ஒவ்வொரு டிரெட்டுக்கும் தனித்தனித் துண்டு வைப்பது.

பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றுவது தனித்துண்டுகள்தான். வெட்டித் தயாராக வரும் துண்டுகளை இருபக்க ஒட்டுநாடாவைக் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் ஒட்டி முடித்துவிடலாம். நானும் எங்கள் வீட்டு மரப்படிகளில் அப்படித்தான் தொடங்கினேன். சில மாதங்களில் நாடாவின் ஓரங்களில் தூசி புகுந்து பிடிப்புத் தளர்ந்தது. ஒரு நாள் மேலிருந்து மூன்றாவது படியில் அப்பாவின் குதிகாலோடு துண்டும் சேர்ந்து நகர்ந்தது. கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததால் அவர் விழவில்லை. அன்றைக்கே பதின்மூன்று துண்டுகளையும் பெயர்த்து எடுத்தேன். அப்போதுதான் இன்னொன்றும் புலப்பட்டது: அந்தத் துண்டுகள் நோசிங்குக்கு இரண்டு விரல் உள்ளேயே முடிந்திருந்தன. அதாவது வழுக்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, வழுக்காத இடத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்திருந்தோம். தனித்துண்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், நோசிங்கைச் சுற்றி வளைந்து கீழே இறங்கும் வகையை மட்டுமே வாங்க வேண்டும். நாடாவை மட்டும் நம்பாமல் ரப்பர் அடிப்புறமும் உள்ளதாகப் பார்க்க வேண்டும்.

அகலம் முழுவதையும் மூடும் முறையில் பழைய மரத்தின் கறைகளும், பொருந்தாத பலகைகளும், வர்ணம் உதிர்ந்த ஓரங்களும் ஒருசேர மறைந்துவிடும். காலடிச் சத்தம் மிகவும் அடங்குவதும் இந்த முறையில்தான். ஆனால் கையால் வேலை செய்யும்போதுதான் இதன் கடினம் தெரிகிறது. சுவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும், அளந்து பார்த்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் அகலத்தில் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். குறைவாக வெட்டினால் ஓரத்தில் இடைவெளி தெரியும். கூடுதலாக வெட்டினால் கம்பளம் விளிம்பில் மேலெழுந்து நிற்கும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் கம்பித் தூண்களும் உள்ள படிக்கட்டானால் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் ஒரு வெட்டு வேண்டும். படிக்கு இரண்டு தூண் என்றால் பதின்மூன்று படிகளுக்கு இருபத்தாறு வெட்டுகள். அவற்றில் ஒன்று பிசகினாலும் அது கண்ணுக்கு நேரே தெரியும். இந்த முறையில்தான் செய்வது என்ற உறுதி இருந்தால், நீளமான ஒரே துண்டாக ஓடவிடாமல் படிக்கு ஒரு துண்டாக, டிரெட்டும் அதன் கீழுள்ள ரைசரும் சேர்ந்த அளவில் வெட்டிக்கொள்ளலாம். அப்போது ஒரு வெட்டுத் தவறினால் ஒரு படியின் கம்பளம் மட்டுமே வீணாகும்.

முதன்முறையாகச் செய்பவர்களுக்கு நான் ரன்னரையே சொல்வேன். இரண்டு ஓரங்களும் தைத்து முடிக்கப்பட்ட நிலையில் அது கடையிலிருந்தே வருகிறது. ஆகவே பக்கவாட்டில் வெட்டும் வேலையே இல்லை. பரவலாகக் கிடைக்கும் அகலங்களில் ஒன்று 27 அங்குலம், அதாவது ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள படியில் அதை நடுவில் வைத்தால் இருபுறமும் பத்துச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மரம் தெரியும். சுவர் கோணலாக இருந்தாலும் அந்த இடைவெளி அதை விழுங்கிவிடும். ரன்னர் கேட்பது இரண்டே வேலைகள்தான். வெளியே தெரியப்போகும் மரத்தை முன்கூட்டியே தேய்த்து மெருகிட்டு நன்றாக உலரவிட வேண்டும்; ஒவ்வொரு டிரெட்டிலும் ரன்னரின் இரு ஓரங்களும் வர வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும். இந்தக் குறியை இடாமல் கண்ணளவில் போனால், படிக்கு ஓரிரு மில்லிமீட்டர் விலகி, மேலே போய்ச் சேரும்போது ரன்னர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது கீழே நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

மேலே சொன்னதெல்லாம் மரப்படிகளை மனத்தில் வைத்துச் சொன்னது. கான்கிரீட் படியில் கணக்கு சிறிது மாறும். பளபளப்பான கல்லோ ஓடோ பதித்த படியில் முற்றிலும் மாறும். கான்கிரீட்டில் ஸ்டேப்லர் பின் இறங்காது. அங்கே முள்பட்டையை (கம்பளத்தின் அடிப்புறத்தைக் கவ்விப் பிடிக்கும் சிறு ஆணிகள் கொண்ட சட்டம்; பின்னால் விரிவாகச் சொல்கிறேன்) கான்கிரீட் ஆணி கொண்டு அடிக்கலாம், அல்லது வலுவான கட்டுமானப் பசையால் ஒட்டி, பசை முழுமையாக இறுகும்வரை ஒரு நாள் காத்திருந்து பிறகு கம்பளத்தை இழுக்கலாம். தரையை ஒட்டிய படிகளில் ஈரம் மேலேறுகிறதா என்று முதலில் சோதிப்பது அவசியம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரங்களிலும் நாடாவால் காற்றுப்புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட்டின் நிறம் கறுத்திருந்தாலோ, அந்த ஈரத்தைச் சரிசெய்யாமல் கம்பளம் விரிக்கக் கூடாது. அடியில் பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். கல்லும் ஓடும் பதித்த படிகளில் ஆணி அடித்தால் விரிசல் விடும், வழவழப்பான பரப்பில் பசையும் நீண்ட நாள் பிடிக்காது. அத்தகைய படிக்கு ரன்னர் விரிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நோசிங்கை வளைத்து மூடும் ரப்பர் அடிப்புறத் துண்டுகள், அதுவும் வேண்டாம் என்றால் விளிம்பில் சொரசொரப்பான வழுக்குத் தடுப்புப் பட்டை, இவ்விரண்டில் ஒன்று போதும்.

ரன்னரானாலும் முழு அகலமானாலும் நோசிங்கைக் கடந்த பிறகு கம்பளம் எப்படிக் கீழே இறங்குகிறது என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது அருவி முறை: கம்பளம் நோசிங்கிலிருந்து நேராகச் சரிந்து அடுத்த டிரெட்டின் பின்மூலைக்குப் போய்ச் சேரும். இரண்டாவது மடிப்பு முறை: நோசிங்கின் அடிவயிற்றில் கம்பளத்தை மடித்து அங்கே ஸ்டேப்லர் பின்னால் இறுக்கி, பிறகு ரைசரை ஒட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். மடிப்பு முறையில் படியின் வடிவம் கச்சிதமாக எடுப்பாகத் தெரியும். நோசிங்கில் கம்பளம் அசையவே அசையாது. ஆனால் கம்பளம் தடிமனாக இருந்தால் அந்த இறுக்கமான வளைவுக்கு இணங்காமல் உப்பி நிற்கும். அருவி முறை வேகமானது, தடித்த கம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நோசிங் அதிகம் முன்னே நீண்டிருக்கும் படியில் கம்பளத்துக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகி, ஏறுகிறவரின் கால்நுனி அங்கே இடித்து இடித்துக் கம்பளம் காலப்போக்கில் தொய்ந்துபோகும். நோசிங் மிகக் குறைவாக நீண்டிருந்தாலோ இல்லவே இல்லாவிட்டாலோ அருவி முறையே போதும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் மடிப்பு முறைக்கான உழைப்பு வீண்போகாது. ரைசரே இல்லாமல் திறந்திருக்கும் படிகளில் வேறு வழியில்லை; ஒவ்வொரு டிரெட்டையும் தனியாகச் சுற்றி அடியில் பொருத்த வேண்டும்.

அருவி முறைக்கு இன்னொரு நன்மை உண்டு. பழைய வேலைக்காரர்கள் அறிந்திருந்த இதை இப்போது செய்பவர்கள் குறைவு. எல்லாப் படிகளும் ஒரே அளவில் நேராக இருந்தால், மேல்முனையில் முப்பது நாற்பது சென்டிமீட்டர் கம்பளத்தைக் கூடுதலாக விட்டு, வெளியே தெரியாமல் ரைசரை மூடும் கம்பளத்துக்குப் பின்னால் மடித்து வைத்துவிடலாம். சில ஆண்டுகளில் நோசிங்கில் தேய்மானம் தெரியத் தொடங்கும்போது முழு ரன்னரையும் சில சென்டிமீட்டர் கீழே நகர்த்திப் பொருத்தினால், தேய்ந்த பகுதி ரைசருக்குப் போய்விடும். தேயாத பகுதி நோசிங்குக்கு வரும்.

இனி, கம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருளுக்கு வருவோம். முடிவு சரியாக இருக்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முள்பட்டை என்பது ஏறத்தாழ இரண்டரைச் சென்டிமீட்டர் அகலமுள்ள ஒட்டுப்பலகைச் சட்டம்; அதில் கூரிய சிறு ஆணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படியின் உள்மூலைக்கும் இரண்டு பட்டைகள் வேண்டும். ஒன்று டிரெட்டின் பின்பகுதியில், அதன் முட்கள் ரைசரைப் பார்த்தபடி. மற்றொன்று ரைசரின் அடிப்பகுதியில், அதன் முட்கள் கீழ்நோக்கியபடி. இரண்டு பட்டைகளுக்கும் இடையே விடும் சந்துக்குள்தான் கம்பளத்தைச் செருகப் போகிறோம். ஆகவே அந்தச் சந்து கம்பளத் தடிமனின் இருமடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். மிகக் குறுகினால் கம்பளம் உள்ளே போகாது. அகன்றால் பிடிப்பு இராது. டிரெட்டில் கம்பளத்தை முழங்காலால் உந்தும் கருவியைக் கொண்டு மூலையை நோக்கித் தள்ளி, அகன்ற மழுங்கிய உளியால் சந்துக்குள் இறுக்கினால், முட்கள் கம்பளத்தின் முதுகைக் கவ்விக்கொள்ளும். நடக்க நடக்கக் காலின் அழுத்தம் அதே முட்களில் கம்பளத்தை மேலும் இறுக்குமே தவிரத் தளர்த்தாது. ரன்னருக்காக வெட்டும்போது பட்டை ரன்னரின் அகலத்தைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் முள் வெளியே தெரியும், வெறுங்காலில் குத்தும்.

ஸ்டேப்லர் பின் அடிப்பது விரைவானது, மரப்படியில் நன்றாகவே இறங்கும். ஆனால் பிடிப்பு முழுவதும் சில புள்ளிகளில் மட்டும் குவிவதால் ஆண்டுகள் போகப்போக அந்தப் புள்ளிகளில் கம்பளத்தின் அடித்துணி கிழிய வாய்ப்புண்டு. பின் அடிக்கும் முன் இழைகளைக் கையால் விலக்கிவிடாவிட்டால் ஒவ்வொரு பின்னின் தலையும் ஒரு குழியாகத் தெரியும். இழையே இல்லாத தட்டையான நெசவு ரன்னர்களுக்கு மட்டும் நான் ஸ்டேப்லரை முதன்மையாகச் சொல்வேன், ஏனெனில் அந்த மெல்லிய துணியைத் துளைத்துக்கொண்டு முள்பட்டையின் முட்கள் மேலே தலைகாட்டக்கூடும். மற்ற எல்லாவற்றுக்கும் உள்மூலையில் முள்பட்டை, நோசிங்கின் அடியில் ஸ்டேப்லர் என்ற இணைப்பே உறுதியானது. பசையை முழுப்பரப்பிலும் தடவி ஒட்டும் முறையைக் கான்கிரீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் பசை தடவினால், பின்னொரு நாள் கம்பளத்தை எடுக்க நேரும்போது மரத்தையும் சேர்த்துச் சுரண்ட வேண்டியிருக்கும். பித்தளைக் கம்பிகளை மூலையில் பொருத்துவதைச் சிலர் விரும்புகிறார்கள். அழகுக்காகத் தாராளமாகப் பொருத்தலாம், ஆனால் முள்பட்டைக்கு மாற்றாக அவற்றைக் கருத வேண்டாம்.

கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் அடிமெத்தையில் பேரம் பேசக் கூடாது என்பேன். விலையைச் சொல்லவில்லை, தடிமனைச் சொல்கிறேன். காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தடித்த மெத்தையை வைப்பதுதான் வீட்டில் செய்பவர்கள் அதிகம் செய்யும் பிழை. தடித்த மெத்தை நோசிங்கின் கூர்மையை உருட்டிவிடுகிறது. பாதத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த உறுதியான விளிம்பு அப்போது மெத்தென்று அமுங்கும். படிக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையுள்ள மெல்லிய, ஆனால் அடர்த்தியான மெத்தை வேண்டும். கன அடிக்கு 8 பவுண்டு, அதாவது கன மீட்டருக்கு ஏறத்தாழ 128 கிலோ அடர்த்தி நல்ல அளவு. விரலால் அழுத்தினால் எளிதில் அடிவரை அமுங்கும் மெத்தையை வாங்காதீர்கள். முள்பட்டையின் உயரத்தோடு மெத்தையின் தடிமன் ஏறத்தாழ ஒத்திருந்தால் மேலே மேடுபள்ளம் தெரியாது.

இழை வகைகளில் நைலான் அழுந்திய பின் மீண்டும் நிமிர்வதால் படிக்கட்டுக்குத் தோதானது. கம்பளியும் நன்றாக நிமிரும், எளிதில் தீப்பற்றாது. விலை அதிகம், அந்துப்பூச்சிக்கும் ஆளாகும். பாலியஸ்டர் தொடுவதற்கு மென்மையாகவும் கறைக்கு எதிராகவும் இருந்தாலும் நோசிங்கில் சீக்கிரம் படிந்துபோகும். பாலிபுரொப்பிலீனும் அப்படியே, விலை குறைவு என்பதொன்றே அதன் பலம். சணல் ஈரத்தைத் தாங்காது. சிசல் நார் உறுதியானதுதான், ஆனால் வழவழப்பானது, நோசிங்கில் வளையவும் மறுக்கும். வயதானவர்கள் ஏறி இறங்கும் படிக்கு அதை நான் தவிர்ப்பேன்.

இழையின் வகையைவிட இழை எப்படி நிற்கிறது என்பது முக்கியம். இழையை வெட்டாமல் சிறு வளையங்களாகவே விட்ட கம்பளம் நோசிங்கில் வளையும்போது இரண்டு வரிசைகளுக்கு நடுவே பிளந்து அடித்துணி பல்லிளிக்கும். பூனை வளர்க்கும் வீட்டில் நகம் மாட்டி ஒரு வரிசையே உருவி வந்துவிடவும் கூடும். குட்டையாக, நெருக்கமாக வெட்டிய இழையே படிக்கு ஏற்றது. கடையில் மாதிரித் துண்டை எடுத்து, அடிப்புறம் உள்ளே வருமாறு மேசை விளிம்பில் மடித்துப் பாருங்கள். வளைவில் அடித்துணி தெரிந்தால் உங்கள் நோசிங்கிலும் தெரியும். கம்பளத்தை வாங்கி வந்ததும் உள்ளங்கையால் நீளவாக்கில் இருபுறமும் தடவி, இழை எந்தப் பக்கம் படிகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி விரிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக விரித்தால் வளைவில் பிளவு கூடுதலாகத் தெரியும், தேய்மானமும் விரைவுபடும். படிக்கு ஒரு துண்டாக வெட்டுபவர்கள் ஒவ்வொரு துண்டின் முதுகிலும் அம்புக்குறி போட்டுக்கொள்வது நல்லது.

அளவெடுக்கும்போது டிரெட்டையும் ரைசரையும் தனித்தனியே அளந்து கூட்டினால் போதாது. ஒரு படியில் மெத்தையை வைத்து, அதன்மேல் நூலை ஓடவிட்டு, உள்மூலையிலிருந்து அடுத்த உள்மூலைவரை அளந்துகொள்ளுங்கள். அது 46 சென்டிமீட்டர் என்றால் பதின்மூன்று படிகளுக்கு 598 சென்டிமீட்டர். மேல்தளத்தைச் சேரும் இடத்தில் டிரெட் இல்லாத ஒரு ரைசர் மிச்சமிருக்கும். பலர் அதை மறந்துவிட்டுக் கடைசியில் துண்டு போடுகிறார்கள். அதற்கு 18 சென்டிமீட்டர், வெட்டுக்கும் மடிப்புக்கும் 40 சென்டிமீட்டர் சேர்த்தால் 656 சென்டிமீட்டர் ஆகிறது. முழங்காலால் உந்தும் கருவியை உபயோகிக்கும் முறையில் கீழிருந்து மேலே செல்வதே வசதி. கீழ்ப்படியில் முழங்காலிட்டு மேற்படியின் மூலையை நோக்கித் தள்ளலாம்.

வளைந்து திரும்பும் இடத்தில் விசிறிபோல் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கும் படிகள் இருந்தால், என் ஆலோசனை மாறும். அங்கே ரன்னர் நேராக ஓடாது. ஒவ்வொரு படிக்கும் காகிதத்தில் அச்சு வெட்டி, அகன்ற இடத்தின் அளவைக் கொண்டு துண்டெடுத்து, மிகுதியை மடித்து, ரைசரை மூடும் கம்பளத்துக்குப் பின்னால் மறைக்க வேண்டும். நேரான பத்துப் பன்னிரண்டு படிகளை ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய கைக்கு, மூன்று விசிறிப்படிகள் இன்னொரு வார இறுதியைக் கேட்கும். நேர்ப்படிகளை நாமே செய்துவிட்டு விசிறிப்படிகளுக்கு மட்டும் தொழிலாளியை அழைப்பதில் தவறே இல்லை. ஆனால் இருவரின் வேலையும் ஒரே சுருள் கம்பளத்தில் அமைய வேண்டும் என்பதால், கம்பளத்தை வெட்டும் முன்பே அவரிடம் பேசிவிட வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று மீதமிருக்கிறது. எல்லா டிரெட்டுகளும் கம்பளத்தாலும் மெத்தையாலும் ஒரே அளவு உயர்வதால் நடுப்படிகளின் உயரத்தில் மாற்றமில்லை. ஆனால் கீழ்த்தரையிலும் மேல்தளத்திலும் கம்பளம் இல்லாவிட்டால் முதல் படி அந்தத் தடிமன் அளவுக்கு உயரமாகவும், கடைசி ஏற்றம் அதே அளவுக்குத் தாழ்வாகவும் மாறிவிடும். கம்பளமும் மெத்தையும் சேர்ந்து 15 மில்லிமீட்டர் என்றால் அந்த இரண்டு ஏற்றங்களுக்கும் இடையில் 30 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது. ஒரே படிவரிசையில் மிக உயர்ந்த ரைசருக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கூடாது என்கிறது அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் குடியிருப்பு விதிநூல் (IRC). கால் ஒரு படியின் உயரத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் அடுத்த படியை எடுக்கிறது. அந்த மனப்பாடம் பொய்க்கும் இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. மேல்தளத்தின் முகப்பிலும் அதே கம்பளத்தை ஓரடியாவது நீட்டி விரித்தால் கடைசி ஏற்றத்தின் வேறுபாடு நீங்கும். கீழே முதல் படிக்கு முன்னால் நன்றாகப் பொருத்திய, நகராத விரிப்பு ஒன்று அதே தடிமனில் இருக்கலாம். அதற்கு இடமில்லையென்றால் மெத்தையின் தடிமனை 6 மில்லிமீட்டராகக் குறைத்து, இழை குட்டையான கம்பளமாகத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை விரித்தபோது மேல்தளத்தில் கம்பளத்தை நீட்டி, கீழே மெல்லிய மெத்தையோடு முடித்தேன். அப்பா இப்போது இரவில் விளக்குப் போடாமலே இறங்கிவிடுகிறார் என்பதால், படிக்கட்டின் இரு முனைகளிலும் சுவிட்ச் வைக்கச் சொல்லி மின்பணியாளரையும் அழைத்திருக்கிறேன்.